பதிமூன்றில் ஜெயித்த தம்பி, எழுந்து வா!

தம்பி, உன்னைத்தான்!

ஏழாம் வகுப்பிலேயே மீசை அரும்பியவன் நீ. எட்டாம் வகுப்பில் பி.டி. சாரின் தோளைத் தொட்டவன் நீ.

காலைப் பிரேயரில் உயர வரிசையின் கடைசி ஆள் நீ. குறுவட்டப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது முதல் ஆளும் நீயே!

வற்றிய கண்மாய்க்குள் நீ பந்து போட ஓடி வந்தால், எதிரே நின்ற பையன் மட்டையைத் தூக்குவதற்குள் ஸ்டம்ப் பறந்தது.

கபடியில் பாடிப் போனால் நாலு பேர் உன் மேல் தொங்கினார்கள். நாலு பேரையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டாய்!

"இவன் இந்தியாவுக்கு ஆடுவான்டா!" என்றது ஊர்.

நீ நம்பினாய். உன் அப்பா நம்பினார். வீட்டு டி.வி.க்கு மேலே கப்புகள் ஏறி உட்கார்ந்தன. பொங்கல் விளையாட்டில் நீ வாங்கி வந்த எவர்சில்வர் குடத்தில்தான் உன் அம்மா இன்றும் தண்ணீர் பிடிக்கிறாள்.

இப்போது உனக்கு வயது 17.

அன்று உன் நெஞ்சளவு நின்ற பையன், இன்று உன்னைவிட இரண்டு விரல் உயரம். உன் பந்தை முன்னங்காலில் ஏறி வந்து தூக்கி அடிக்கிறான்.

மாநிலப் போட்டிக்கு அவன் போகிறான். பஸ் ஏற்றிவிடக்கூட நீ போகவில்லை!

ஏன் போகவில்லை?

"என்னாச்சுடா உனக்கு?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகவே நீ போவதில்லை. சரிதானே?

நில்! இன்று உன்னோடு பேசாமல் விடமாட்டேன்!

எலும்புக்குள் ஒரு வயது

உனக்கு என்ன ஆனது தெரியுமா?

உனக்கு ஒன்றும் ஆகவில்லை! மற்றவர்கள் வளர்ந்தார்கள். அவ்வளவுதான்!

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வயது உண்டு. ஒன்று பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. இன்னொன்று எலும்புக்குள் இருக்கிறது.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கும். வளர்ச்சி முடிய முடிய அவை மூடிக்கொண்டே வரும். இடது கையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, அந்தத் தட்டுகளைப் பார்த்து, எலும்பின் வயதைச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

16 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டில் இந்திய கிரிக்கெட் வாரியம் பையன்களுக்கு எடுத்துப் பார்ப்பது இந்த எக்ஸ்ரேயைத்தான். டேனர், ஒயிட்ஹவுஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வகுத்த முறை அது.

ஒரே நாளில் பிறந்த இரண்டு 13 வயதுப் பையன்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்து. ஒருவன் எலும்புக்கு வயது 11 இருக்கலாம். மற்றவன் எலும்புக்கு 15 இருக்கலாம்.

இரண்டு பேரும் நல்ல ஆரோக்கியம். இரண்டு சான்றிதழும் உண்மை. ஆனால் இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால் அதற்குப் பெயர் பந்தயமா?

ஆறாம் வகுப்புப் பையனைப் பத்தாம் வகுப்புப் பையனோடு மோதவிடுவது அது!

அந்தப் பத்தாம் வகுப்புப் பையனாக நின்றவன் நீ. உன் தப்பு எதுவும் அதில் இல்லை. உன் சாமர்த்தியமும் எதுவும் அதில் இல்லை!

பையன்கள் பெரும்பாலும் 14 வயதையொட்டித்தான் மளமளவென்று நெடுக்கிறார்கள். அந்த ஓராண்டில் 9, 10 சென்டிமீட்டர்கூட ஏறும். உனக்கு அது 12-லேயே வந்தது. உன் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு 15-ல் வந்தது.

ராஜபாளையம் போகிற பஸ்ஸில் நீ முதல் ஸ்டாப்பில் ஏறினாய். அவன் மூன்றாவது ஸ்டாப்பில் ஏறினான். பஸ் ஒன்றுதான்!

முன்னால் ஏறியவனுக்கு யாராவது பரிசு கொடுப்பார்களா?

உனக்குக் கொடுத்தார்கள்! வினை அங்கேதான் தொடங்கியது!

நீ வளர்ந்ததோடு நின்றாய், விளையாட்டு வளர்ந்துகொண்டே போனது

குண்டு எறிந்தாயே, அந்த இரும்புக் குண்டு அப்படியே இருக்குமா?

18 வயதுக்குட்பட்ட பையனுக்கு 5 கிலோ. 20 வயதுக்குட்பட்டவனுக்கு 6 கிலோ. பெரியவர்கள் களத்தில் 7.26 கிலோ!

110 மீட்டர் தடை ஓட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவன் தாண்டும் தடை 91.4 சென்டிமீட்டர். அடுத்தது 99.1. பெரியவர்களுக்கு 106.7. வயது ஏற ஏற உன் முன்னால் கட்டையை உயர்த்திக்கொண்டே போகிறார்கள்!

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிற பிள்ளைகளைப் பார். சிறுவர் லீக்கில் 12 வயதுப் பையன் பந்தை எறிவது 46 அடி தூரத்திலிருந்து. பெரிய மைதானத்துக்குப் போனதும் அது 60 அடி 6 அங்குலம். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஓடும் தூரம் 60 அடியிலிருந்து 90 அடியாகிவிடும்.

சின்ன மைதானத்தில் மலைபோல் நின்று மிரட்டிய பையன்களில் எத்தனையோ பேர் பெரிய மைதானத்தில் தடுமாறி விழுகிறார்கள். அங்கேயும் மீசை முதலில் முளைத்தவனைத்தான் ஊர் தோளில் தூக்கியது. அங்கேயும் அவனைத்தான் முதலில் இறக்கிவிட்டது!

ஆக, இது உன் ஒருவனுடைய சாபமில்லை. உலகம் முழுக்க உன்னைப்போல் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, நெஞ்சில் கை வைத்துச் சொல்.

வேகமாகப் பந்து போட்டாய். எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்தாய். ஒருவர் கையிலும் சிக்காமல் திரும்பி வரக் காலைப் பழக்கினாயா?

வாலிபாலில் வலைக்கு மேலே எழும்பி அடித்தாய். பின்னால் நின்று பந்தைத் தூக்கிக் கொடுக்கக் கற்றாயா? அது "குட்டைப் பையன் வேலை" என்று விட்டுவிட்டாயே!

நீ சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். உனக்குத் தேவைப்படவில்லை! தேவைப்படாத வித்தையை எந்தப் பிள்ளை தேடிப் போய்க் கற்கும்?

அன்று உன் நெஞ்சளவு நின்ற அந்தச் சின்னவனுக்குத் தேவைப்பட்டது. அவன் அடித்தால் பந்து எல்லைக்குப் போகாது. அதனால் ஆள் இல்லாத இடத்தைத் தேடினான். மோதினால் விழுவான். அதனால் மோதாமல் நழுவப் பழகினான்.

ஐந்து வருஷம் அவன் புத்தியால் ஆடினான். பிறகு உடம்பும் வந்து சேர்ந்தது. இன்று அவனிடம் இரண்டும் இருக்கிறது!

உன்னிடம் ஒன்றுதானே இருக்கிறது? இன்னொன்றைச் சம்பாதி! யார் தடுத்தார்கள்?

கொத்தனாரைக் கேள்!

நீ எந்த ஊர்க்காரன்? ஆலங்குளத்துக்காரன்!

அரசு சிமெண்ட் ஆலை நிற்கிற மண்ணில் பிறந்தவன். உன் தெருவிலேயே அந்த ஆலைக்கு ஷிப்ட் போன தாத்தா ஒருவர் இருப்பார். சிமெண்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும். கண்ணெதிரே இருக்கிற பாடத்தை நீ படிக்கவில்லை!

தளம் போடுகிற வீட்டுக்குப் போய் நில். கலவையைக் கொட்டுகிறார்கள். நிரவுகிறார்கள். அன்றே அது இறுகிவிடுகிறது. சாதாரண சிமெண்ட் 10 மணி நேரத்துக்குள் இறுகிவிட வேண்டும் என்பது தர விதி.

மறுநாள் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும்.

"வேலை முடிந்தது" என்று எந்தக் கொத்தனாராவது போய்விடுவாரா?

தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். தூணுக்குச் சாக்கை நனைத்துச் சுற்றுவார். "காலையிலும் சாயங்காலமும் தண்ணி விடுங்கம்மா, மறந்துறாதீங்க" என்று வீட்டுக்காரம்மாவிடம் பத்து முறை சொல்லிவிட்டுத்தான் சைக்கிள் எடுப்பார்.

ஏன்? இறுகுவது வேறு, உறுதியாவது வேறு. அது அவருக்குத் தெரியும்!

சிமெண்ட் மூட்டையில் 43 கிரேடு என்று அச்சடித்திருக்கிறதே, பார்த்திருக்கிறாயா? எத்தனை அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான எண் அது.

மூன்றாம் நாள் சோதித்தால் அது 23 இருந்தால் போதும். ஏழாம் நாள் 33. இருபத்தெட்டாம் நாள்தான் 43!

மூட்டையில் அச்சேறுவது 28-ம் நாளின் எண். மூன்றாம் நாள் எண்ணை வைத்து எந்த ஆலையும் சிமெண்டுக்குப் பெயர் போடுவதில்லை!

உனக்கு மட்டும் மூன்றாம் நாளிலேயே பெயர் போட்டுவிட்டார்கள். "சாம்பியன்" என்றார்கள். மாலை போட்டார்கள். தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார்கள்!

நீயும் நிறுத்தினாய். இறுகியதை உறுதி என்று நினைத்தாய். வெயில் காய்ந்தது. வெடிப்பு விட்டது.

முடிந்ததா கதை?

இல்லை! காய்ந்துபோன கான்கிரீட்டுக்குள் இன்னும் தண்ணீரே தொடாத சிமெண்ட் இருக்கும். மறுபடி நனைத்தால் அது மறுபடியும் உறுதி சேர்க்கத் தொடங்கும். ஆரம்பத்திலிருந்து விட்டிருந்தால் கிடைத்த உறுதி முழுவதும் திரும்பாமல் போகலாம். ஆனால் அது செத்த கல் இல்லை! உள்ளே வேலை பாக்கி இருக்கிறது. தண்ணீருக்காகக் காத்திருக்கிறது!

உனக்குள்ளும் பாக்கி இருக்கிறது. நீ தொடாத வித்தை, பழகாத கால், யோசிக்காத மூளை, தோற்றுப் பார்க்காத மனசு. எல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறது!

2021-ல் தமிழ்நாடு அரசு சிமெண்ட் கழகம் ஒரு புது சிமெண்ட் கொண்டு வந்தது. பெயர் என்ன தெரியுமா? "வலிமை"!

உன் ஊர் ஆலையை நடத்துகிற கழகம் வைத்த பெயர் அது. அந்தப் பெயருக்கு நீ தகுதியானவனா? அதை 13 வயதில் வாங்கிய கப்பு சொல்லாது. இனிமேல் நீ ஊற்றப்போகிற தண்ணீர் சொல்லும்!

உன் சாக்குகளைக் கொண்டு வா!

"எனக்கு வயசாயிடுச்சு."

எத்தனை? 17! வெட்கமாக இல்லையா இதைச் சொல்ல?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர் நடராஜன். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். கிரிக்கெட் பந்தைப் பிடித்து ரஞ்சிக்கு வந்தார். வந்த உடனேயே, பந்து போடும்போது கை மடங்குகிறது, விதிக்குள் இல்லை என்று புகார் வந்தது.

யோசித்துப் பார்! இருபது வயதைத் தாண்டியவன். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை பந்து போடுவது. அதையே தப்பு என்கிறார்கள்!

அவர் என்ன செய்தார்? ஊரில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாரா? பழைய கையை மறந்தார். புதுக் கை பழகினார். முதலிலிருந்து பழகினார்!

2020-21 ஆஸ்திரேலியப் பயணம். வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போனவர் ஒருநாள், டி-20, டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே பயணத்தில்! அப்போது அவர் வயது 29.

29 எங்கே, உன் 17 எங்கே?

"எனக்கு இது ஒண்ணுதான் வரும்."

யார் சொன்னது? அஸ்வின் பள்ளி வயதில் தொடக்க ஆட்டக்காரர். மட்டைதான் அவர் அடையாளம். காயம் வந்து உட்கார வைத்தது. இடம் போனது. திரும்பி வந்தவர் சுழற்பந்தைக் கையில் எடுத்தார்.

106 டெஸ்ட். 537 விக்கெட்! முதலில் கற்ற மட்டையும் வீண் போகவில்லை. டெஸ்டில் 6 சதம் அடித்துக் கொடுத்தது!

பழைய பலத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை தம்பி. அதன் பக்கத்தில் புதியதை வை என்கிறேன்!

"எங்க ஊரு சின்னது. வசதி இல்லை."

கோவில்பட்டி என்ன லண்டனிலா இருக்கிறது? இதே கரிசல் மண். இதே வெயில். ஹாக்கி மட்டையைப் பிடித்தே பெயர் வாங்கிய ஊர் அது!

2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் கோவில்பட்டிப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். அந்த ஊர் விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தி செல்வம் இருந்தார். பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி!

அரியலூர் என்ன ஊர்? அதுவும் சிமெண்ட் ஊர்தான்! இன்னும் ஏதாவது சொல்லப் போகிறாயா?

"அவன் வளர்ந்துட்டான், நான் நின்னுட்டேன். இனி என்ன செய்ய?"

இதற்குப் பதில் சொல்ல உன்னை அமெரிக்கா வரை கூட்டிப் போகிறேன், வா.

1978. வில்மிங்டன் நகரத்தில் லேனி உயர்நிலைப் பள்ளி. பள்ளியின் முதன்மைக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பையன்களில் ஒருவனைத்தான் சேர்த்தார்கள். லிராய் ஸ்மித் என்ற நெட்டைப் பையன். அணிக்கு உயரம் தேவைப்பட்டது.

அவனைவிடக் குட்டையாக இருந்த அவன் நண்பன் பட்டியலைப் பார்த்தான். பெயர் இல்லை. வீட்டுக்குப் போய் அழுதான். அந்த நண்பன் பெயர் மைக்கேல் ஜோர்டன்!

ஜோர்டன் கதையை எல்லாரும் சொல்வார்கள். உனக்கு நான் சொல்ல வந்தது லிராய் ஸ்மித் கதை!

உயரத்துக்காக முதலில் எடுக்கப்பட்ட அந்தப் பையன், நண்பன் விண்ணைத் தொட்டதும் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினானா? இல்லை! பல்கலைக்கழக அணியில் ஆடினார். ஐரோப்பாவுக்குப் போய்த் தொழில்முறை வீரராகவும் ஆடினார். 2009-ல் ஜோர்டனைப் புகழ் மன்றத்தில் சேர்த்த விழாவில் அழைப்பின் பேரில் அவரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

நண்பன் உன்னைத் தாண்டிப் போனால் உன் ஆட்டம் முடிந்துவிட்டது என்று எந்த விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

அவனோடு நீ மோத வேண்டியதில்லை. நேற்றைய உன்னோடு மோது!

குறுக்கு வழியைக் காட்டுவார்கள். போகாதே!

யாராவது வந்து காதில் சொல்வார்கள். "சர்டிபிகேட்ல ரெண்டு வயசைக் குறைச்சிருவோம்டா. சின்னப் பயலுகளோட ஆடு. ஈஸியா ஜெயிக்கலாம்."

2001. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் உலகத் தொடர். டேனி அல்மோன்டே என்ற பையன் பந்து எறிந்தான். எதிரணி ஒருவரையும் தளத்துக்கு விடாத பூரணமான ஆட்டம் ஒன்றை ஆடிக் காட்டினான். நாடே வாய் பிளந்தது. 12 வயது என்றார்கள்.

பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு 14!

அணியின் வெற்றிகளை அழித்தார்கள். சாதனையை அழித்தார்கள். அந்தப் பையன் கடைசிவரை பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

குற்றம் அந்தப் பிள்ளையுடையதா? வயதை மாற்றியவர்கள் பெரியவர்கள். தண்டனை அனுபவித்தது பிள்ளை!

வயதைக் குறைத்து மறுபடி சின்னவர்களோடு ஆடினால் என்ன ஆகும்? மறுபடி எதையும் கற்க மாட்டாய்! எந்த வியாதி உன்னை இங்கே கொண்டு வந்து நிறுத்தியதோ, அதையே மருந்து என்று குடிப்பாயா?

ஊசி போட்டால் உடம்பு ஏறும் என்பவனையும் நம்பாதே. உடம்பை நம்பித்தானே ஏமாந்தாய்? இரண்டாம் முறையுமா?

உன் உண்மையான பயம்

உன்னை எது வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறது? நான் சொல்லட்டுமா?

தோற்றுப் பழக்கமில்லை உனக்கு!

சின்னவன் 11 வயதில் தோற்றான். 12-ல் தோற்றான். 13-ல் உன்னிடமே தோற்றான். மண்ணைத் தட்டிவிட்டு மறுநாள் வந்தான். தோல்வி அவனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. வந்தால் வரட்டும் என்று பாயைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான்.

உனக்குத் தோல்வி முதன்முதலாக 16 வயதில்தான் வந்தது. கதவைத் தட்டியதும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாய்!

வெளியே வா! அது உன்னைக் கொல்லாது!

ஒரு பந்தில் சிக்ஸர் வாங்கினால் என்ன? அடுத்த பந்து உன் கையில்தானே இருக்கிறது? ஒருமுறை பிடிபட்டால் என்ன? அடுத்த முறை பாடிப் போக மூச்சு இருக்கிறதே!

ஊர் சிரிக்கும் என்கிறாய். சிரிக்கட்டும்! உனக்கு மாலை போட்டபோது ஊர் சரியாகச் சொன்னதா? அன்று தப்பாகக் கணித்த ஊர், இன்று மட்டும் சரியாகக் கணிக்குமா?

நாளையிலிருந்து என்ன செய்வாய்?

முதல் வேலை. உன்னைவிடப் பெரியவர்களோடு ஆடு!

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கால்பந்துக் கழகங்கள் பிள்ளைகளை வயதுப்படி மட்டும் பிரிக்காமல், உடல் முதிர்ச்சிப்படியும் பிரித்து ஆடவிட்டுப் பார்த்தன. முன்னதாக வளர்ந்த பையன்கள் தங்களைப்போலவே பலசாலிகளோடு மோத வேண்டி வந்தது.

அவர்கள் என்ன சொன்னார்கள்? கஷ்டமாக இருந்தது, ஆனால் நிறையக் கற்றோம் என்றார்கள்! இடித்துத் தள்ள முடியாத இடத்தில்தான் அவர்களுக்கு யோசிக்கத் தோன்றியது.

உனக்கு எந்தக் கழகமும் வேண்டாம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஆடுகிற அண்ணன்மார் உன் ஊரிலேயே இருக்கிறார்கள். போய் நில். தள்ளுவார்கள். விழு. எழுந்து கேள், "அண்ணே, அதை எப்படிண்ணே பண்ணுனீங்க?"

இரண்டாவது வேலை. உன் பலத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் பழகு!

வேகப்பந்து போடுகிறவனா? ஒரு செருப்பைத் தரையில் வை. பாதி வேகத்தில் அதன் மேலேயே குத்து. ஆறுக்கு ஆறு குத்தும்வரை வீட்டுக்குப் போகாதே. கபடி ஆடுகிறவனா? யாரையும் இழுக்காமல், தொட்டுவிட்டு மட்டும் திரும்பி வா. வாலிபாலா? ஒரு மாதம் அடிக்காதே, எடுத்துக் கொடு!

அசிங்கமாக ஆடுவாய். ஆடு! புதிதாக எழுதப் பழகுகிற கை கோணலாகத்தான் எழுதும்.

மூன்றாவது வேலை. இதுதான் கஷ்டம். அந்தச் சின்னவனிடம் போ!

ஆமாம், அவனிடம்தான்! "எனக்குச் சொல்லிக் கொடுடா" என்று கேள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உன் தொண்டை அடைக்கும். அந்த அடைப்பைத் தாண்டிவிட்டால் பாதி ஜெயித்துவிட்டாய்!

அவன் சிரிக்க மாட்டான். ஒரு காலத்தில் உன்னைப் பார்த்துத்தானே அவன் பந்தையே கையில் எடுத்தான்!

தங்கச்சி, நீயும் கேள்!

உனக்கு இது இன்னும் முன்னதாக வந்தது. பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டியே வேகமாக வளர்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு அதற்கும் முன்னால்!

ஆறாம் வகுப்பில் எல்லாரையும் முந்தி ஓடினாய். பிறகு உடம்பு மாறியது. நேரம் கூடியது. தாண்டும் தூரம் குறைந்தது. "வயசுக்கு வந்த பிள்ளைக்கு எதுக்கு கிரவுண்டு?" என்று ஒரு குரல் வேறு!

நீ குறைந்துவிடவில்லை! உனக்குப் புது உடம்பு வந்திருக்கிறது. புது வீட்டுக்குக் குடிவந்தால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கை தேடும் அல்லவா? அதே கதைதான். தேடு! பழகும்! அதுவரை மைதானத்தை விட்டு ஓர் அடி நகராதே!

பெரியவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை

பி.டி. சார்! குறுவட்டத்தில் கப்பு வாங்க நெட்டைப் பையன் போதும். நாளைக்கு ஒரு வீரன் வேண்டுமென்றால், பெஞ்சில் உட்கார வைத்த குட்டைப் பையனையும் கூப்பிடுங்கள். நெட்டையனுக்கும் வித்தை கற்றுக் கொடுங்கள். ஜெயிக்கிறான் என்பதற்காகப் பாடத்தை நிறுத்தாதீர்கள்!

அப்பா! பையன் ஜெயித்தபோது தெருவெல்லாம் சொன்னீர்களே. இப்போது தோற்கிறான். பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரு டம்ளர் காபி கொடுத்து, "நாளைக்கு எத்தனை மணிக்குடா எழுப்பணும்?" என்று மட்டும் கேளுங்கள்!

வா!

தம்பி, கடைசியாக ஒன்று.

நீ இந்தியாவுக்கு ஆடுவாயா? ஆடுவாய் என்று பொய்ச் சத்தியம் செய்து உன்னை இன்னொரு முறை ஏமாற்ற மாட்டேன். அதை நாள்தான் சொல்லும்.

ஆனால் ஒன்றைச் சத்தியமாகச் சொல்வேன். 13 வயதில் நீ வாங்கிய கப்பை உனக்கு வாங்கிக் கொடுத்தது உன் எலும்பு. இனி நீ எதை வென்றாலும், அது ஒரு சின்ன ஓட்டமாக இருந்தாலும், நீயே வென்றது!

அந்த வெற்றியை எந்தப் பையன் எவ்வளவு வளர்ந்தாலும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது!

விடியும் முன்னே எழு. டி.வி. மேலே இருக்கிற கப்புகளை ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்று. பழைய பந்தைத் துடை. டீக்கடைத் தெரு வழியாகவே நட!

யாராவது "என்னாச்சுடா உனக்கு?" என்று கேட்டால், நின்று முகத்தைப் பார்த்துச் சொல்: "பழகப் போறேண்ணே!"

இன்றுதான் உனக்கு மூன்றாம் நாள். இருபத்தெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

தண்ணீர் ஊற்று!